குதிரையேற்றம் அனுமதிக்கப்பட்டது

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது நெருப்பு என்று சிலரும், சக்கரம் என்று சிலரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாவம், அவர்கள் வரவு செலவுப் பிரிவில் வேலை பார்த்ததில்லை. நெருப்பை மூட்டினால் எரியும். சக்கரத்தை உருட்டினால் ஓடும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. வரவு செலவுத் திட்டம் அப்படியல்ல. ஒரு காரியத்தைச் செய்யாமலே, அதைச் செய்து முடித்த களைப்பையும் நிறைவையும் சேர்த்துத் தரக்கூடிய கருவி உலகத்தில் அது ஒன்றுதான்.

குடிநீர் வாரியத்தின் வரவு செலவுப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு இது மனப்பாடம். ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தே அது மூலப் படியா இரண்டாம் படியா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு தாள்களைப் பரப்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மகளை ஆங்கிலம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அவரே தயாரித்த திட்டம் அது. ஒப்புதலாகி வந்துவிட்டது. விமானக் கட்டணம், அனுமதி. தங்குமிடம், அனுமதி. கம்பளி உடை, அனுமதி. குதிரையேற்றப் பயிற்சி, அனுமதி. 'ஆங்கில வகுப்புக் கட்டணம்' என்ற ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலம் படிக்கப் போகிறவளுக்கு ஆங்கிலத்தைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. அடிபட்ட வரியை வேறு எந்தத் தலைப்பின் கீழ் மறுபடி உள்ளே கொண்டுவருவது? முப்பது வருட அனுபவத்தில் அவருக்குப் பிடிபடாத சிக்கல் இது.

"குதிரை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். கன்னம் வீங்கிய மனிதர்களிடம் காலை முதல் மாலை வரை கேள்வி கேட்பவள் என்பதால், பதில் வராவிட்டாலும் அவளுக்கு வருத்தமில்லை.

கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். குதிரை ஒரு 'பலியினம்'.

பலியினம் என்பது வரவு செலவுக் கலையின் உச்சம். மேலதிகாரி என்பவரும் மனிதர்தான். அவர் கையில் பேனா இருக்கிறது. பேனா எதையாவது வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் அவர் படிக்கவே இல்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். தேவையானதை மட்டும் எழுதி அனுப்பினால், தேவையானது வெட்டுப்படும். ஆகவே வெட்டுவதற்கென்றே ஒன்றை நடுவில் நட்டு வைக்க வேண்டும். அது கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாக இருக்கணும். வெட்டும்போது ஒரு சந்தோஷம் வரும் அளவுக்கு அசட்டுத்தனமாக இருக்கணும். ஆனால் 'வெட்டத்தான் வைத்திருக்கிறான்' என்று சந்தேகம் வராத அளவுக்கு அடக்கமாகவும் இருக்கணும். வாரியத்தில் பதினெட்டு வருடமாக அவர் 'அலுவலக முகப்பில் அலங்கார நீரூற்று' என்று ஒரு வரி எழுதி வந்தார். வந்த அதிகாரிகள் எல்லாம் அந்த வரிக்கு வந்ததும் ஒரு புன்னகையோடு அதை அடிப்பார்கள். அடித்த களைப்பில் மிச்சப் பக்கங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். குழாயும் வால்வும் பத்திரமாகத் தப்பிக்கும்.

ஒரே ஒரு முறை, புதிதாக வந்த அதிகாரிக்கு நீரூற்று பிடித்துப்போய்விட்டது. அவர் குழாயை வெட்டிவிட்டார். அதனால் வாரியத்தின் முகப்பில் இப்போது மூன்றடுக்கு நீரூற்று ஒன்று நான்கு பளிங்கு மீன்களோடு நிற்கிறது; அதற்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய்தான் இல்லை. ஊழியர்கள் சாப்பாட்டுப் பையை மீன் வாலில் மாட்டிவைக்கிறார்கள். கண்காணிப்பாளர் இதை 'விதிவிலக்கு' என்று கோப்பில் குறித்து, அடுத்த வருடமே வேறொரு பலியினத்தைத் தேடிக்கொண்டார்.

மொழிப் பள்ளியின் வழவழப்பான விளக்க ஏட்டில், கடைசிப் பக்கத்தில், 'வார இறுதியில் குதிரையேற்றம், விருப்பம் உள்ளவர்களுக்கு' என்று ஒரு படம் இருந்தது. பார்த்த உடனே அவர் மனசு துள்ளியது. இதைவிடப் பொருத்தமான பலி கிடைக்காது.

"கிடைச்சுது பாருங்க," என்றாள் மனைவி.

திட்டத்தை வெட்டிய கை, கண்காணிப்பாளரின் அண்ணனுடையது. தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். துறையில் அவருக்கு 'சிவப்பு மை' என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு பேனாவில் மை காயாமல் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து, கண்காணிப்பாளரும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவரை ஒருவர் மகிழ்விக்க, ஒரே நாளில் ஆளுக்கொரு ஃப்ரிட்ஜ் வாங்கி வந்துவிட்டார்கள். குடும்ப வரலாற்றில் 'இரட்டை ஃப்ரிட்ஜ் பேரிடர்' என்று அழைக்கப்படும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இனி இப்படி நடக்கக் கூடாது என்று 'குடும்ப நிதிக் குழு' உதயமானது. தலைவர், சிவப்பு மை. உறுப்பினர் செயலர், கண்காணிப்பாளர். உறுப்பினர், காப்பீட்டு முகவராக இருக்கும் மகளின் அத்தை. சிறப்பு அழைப்பாளர், மனைவி. மகள் 'பயனாளி'. பயனாளி கூட்டத்துக்கு வரலாம், கேட்டால் பேசலாம், இதுவரை யாரும் கேட்டதில்லை.

சிவப்பு மை அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தார். ஆகவே கோப்பு மேலே போகிறது என்று சொன்னால், அது உண்மையாகவே படியேறிப் போகும்.

மகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் லிஃப்டு பழுது பார்ப்பவள். நான்கு வருடமாக ஒரு லிஃப்டுக் கம்பெனியில் வேலை. லிஃப்டு பாதியில் நின்றுவிட்டால் உள்ளே ஒரு மணியை அழுத்துகிறோம் அல்லவா, அந்த மணி எங்கே ஒலிக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. முன்பெல்லாம் கீழே தூங்கும் காவலாளியின் தலைமாட்டில் ஒலித்தது. இப்போது எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கிறது. பல நாடுகளின் லிஃப்டுகளுக்கு ஒரே அறை. அங்கே உட்கார்ந்திருப்பவர் எடுத்து, மாட்டிக்கொண்டவரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பெட்டி கீழே விழாது, காற்று வரும், கதவை நெம்பாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார். இதைச் சொல்லிக்கொண்டே, ஆள் வரும்வரை அவர் பயப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அறையில் ஒரு இடம் காலியானது. லிஃப்டின் உள்ளும் புறமும் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று கம்பெனி இவளைத் தேர்ந்தெடுத்தது. ஒத்திகை அழைப்பு ஒன்று வைத்தார்கள். பயிற்சி அதிகாரி வேறொரு அறையிலிருந்து, மாட்டிக்கொண்ட ஒரு முதியவர் போலப் பேசினார். மகள் மனப்பாடம் செய்திருந்ததைப் பிழையில்லாமல் சொன்னாள். விழாது, காற்று வரும், நெம்பாதீர்கள். பிறகு அந்த முதியவர் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். ஆள் வரும்வரை நீ என்னோடு பேசிக்கொண்டே இருப்பாயா என்று கேட்டார்.

அவளுக்குக் கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். எழுதிக் கொடு என்றால் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருப்பாள். பள்ளியில் ஆங்கிலத்தில் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். ஆனால் வாய் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

மூன்று மாதம் பேச்சுப் பயிற்சி முடித்துவிட்டு வா, இடத்தை வைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. அவர்கள் ஏற்கும் சான்றிதழ் தரும் பள்ளி வெளிநாட்டில் இருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் வகுப்பு போய்விடும். வகுப்பு போனால், அந்த வேலை அடுத்து வரிசையில் நிற்பவருக்குக் கிடைத்துவிடும்.

இவ்வளவு அவசரமான ஒரு காரியத்தைச் சாதாரணக் குடும்பங்கள் எப்படிக் கையாளும் என்று நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. பணம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கட்டிவிடுவார்கள். நல்லவேளையாக இந்தக் குடும்பத்தில் முறை என்று ஒன்று இருந்தது.

வகுப்பை வெட்டியது குழுவின் முதல் கூட்டம்; இரண்டாம் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே மேல்மாடியில் கூடியது. தலைவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்புக் கட்டணம் வெட்டப்பட்ட காரணத்தைப் பணிவோடு அறிய விரும்புவதாகக் கண்காணிப்பாளர் சொன்னார்.

"இரட்டைச் செலவு," என்றார் சிவப்பு மை.

"புரியலைண்ணே."

"இந்தப் பொண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டியிருக்கோம். ரசீது அத்தனையும் என்கிட்ட இருக்கு. வாங்கின பொருளையே மறுபடி வாங்கறதுக்கு நான் ஒப்புதல் குடுக்கணுமா? அதான் வீட்டுல ரெண்டு ஃப்ரிட்ஜ் இருக்கே, போதாதா?"

கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். பேரிடரின் பெயரை யாராவது எடுத்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

"அவளுக்குப் பேச வரலையே," என்றாள் மனைவி.

"வரலைன்னா பள்ளிக்கூடம் சரக்கைக் குடுக்கலைன்னு அர்த்தம். அப்போ குடுத்த காசைத் திருப்பி வசூல் பண்ணணும். வந்துச்சுன்னா வகுப்பு எதுக்கு? ரெண்டுல எதுன்னு சொல்லும்மா, எழுதிக்கறேன்."

அந்தத் தர்க்கத்தின் அழகில் அறையே ஒரு நிமிடம் மயங்கியிருந்தது. பிறகு கண்காணிப்பாளர் மெல்லக் குதிரையைப் பற்றி விசாரித்தார்.

"குதிரை சுத்தமான இனம்," என்றார் சிவப்பு மை. "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் எவனும் குதிரை ஏறினதில்ல. முன்செலவு கிடையாது. ஆட்சேபணைக்கு இடமே இல்ல. உன் திட்டத்துலயே உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான் தம்பி."

அவளையும் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று மனைவி மகளைக் காட்டினாள். பயனாளியின் கருத்து கடைசியில் இணைப்பாகச் சேர்க்கப்படும் என்று தலைவர் உறுதி அளித்தார். எல்லாம் அண்ணன் சொல்கிறபடி செய்வதுதான் நல்லது என்று அத்தை சொன்னாள். அத்தை எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்வாள். அது நடவடிக்கைக் குறிப்பில் முன்கூட்டியே அச்சாகி இருக்கும்.

வசூல் நடவடிக்கை மறுநாளே தொடங்கியது. பள்ளிக்குக் கடிதம் போனது. பதில் வியக்கத்தக்க வேகத்தில் வந்தது. பள்ளி கற்பித்தது தேர்வுக்கான ஆங்கிலம் என்றும், தேர்வில் மாணவி சிறப்பாகத் தேறிவிட்டார் என்றும், எவரிடமாவது பேசுவது பாடத்திட்டத்தில் இல்லை என்றும், ஆகவே ஒப்புக்கொண்ட சரக்கு ஒப்புக்கொண்ட தரத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றும் தலைமை ஆசிரியர் எழுதியிருந்தார். சிவப்பு மை அதை இரண்டு முறை படித்தார். "இந்த ஆள் நம்ம துறைக்கு வந்திருக்கணும்," என்று சொல்லி, பள்ளியின் பேரில் இருந்த ஆட்சேபணையைப் பெருந்தன்மையோடு விலக்கிக்கொண்டார். மகளின் வகுப்பின் பேரில் இருந்ததை விலக்கவில்லை. அது வேறு கோப்பு.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தினமும் வேலை முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு வந்து, என்னப்பா ஆச்சு என்று கேட்பாள். பரிசீலனையில் இருக்கிறது என்பார் கண்காணிப்பாளர். பொய்யில்லை. அவர் இரவு பகலாகப் பரிசீலித்தார். ஒரு நாள் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது அவருக்குப் பொறி தட்டியது. வெட்டுப்பட்ட இனத்தைத் தனியாக உள்ளே கொண்டுவர முடியாது. அனுமதியான இனத்தின் முதுகில் ஏற்றிக் கொண்டுவரலாம். அனுமதியான இனங்களில் முதுகு உள்ளது குதிரைதான்.

மூன்றாம் கூட்டத்தில் அவர் திருத்திய மதிப்பீட்டைச் சமர்ப்பித்தார். அதில் 'குதிரையேற்றப் பயிற்சி' என்பதன் கீழே, 'உட்பிரிவு அ: குதிரையுடன் தொடர்புகொள்ளத் தேவையான மொழிப் பயிற்சி' என்று இருந்தது.

சிவப்பு மை வெகுநேரம் அந்த வரியைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது.

"அந்தக் குதிரைக்கு நம்ம மொழி தெரியாதா?"

"அங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைண்ணே. சின்ன வயசுலேருந்து காதுல விழுந்ததெல்லாம் ஆங்கிலம்தான்."

"அப்போ இவளைவிட அதுக்கு நல்லா வரும்."

"அது பேசாதுண்ணே. கேக்கும்."

"இவளும் அப்படித்தானே. சரி, மாற்று வழி யோசிச்சியா? இவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்குடுக்கறதைவிட, குதிரைக்கு நம்ம மொழியைச் சொல்லிக்குடுத்தா செலவு குறையுமான்னு ஒப்பீடு போட்டியா?"

கண்காணிப்பாளர் போடவில்லை. அது அவருடைய தவறுதான், அவரே ஒப்புக்கொண்டார். குதிரை ஆணா பெண்ணா என்று அத்தை கேட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எதற்கும் பெண் குதிரையாக இருந்தால் நல்லது என்று குறிப்பில் ஏற்றப்பட்டது. மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்காணிப்பாளர் எட்டிப் பார்க்க நினைத்தார்; ஆனால் அதற்குள் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"குதிரைகிட்ட எத்தனை வார்த்தை பேசணும்?"

கண்காணிப்பாளர் விரல் விட்டு எண்ணினார். போ, நில், திரும்பு. தன் மகளின் பாதுகாப்பைக் கருதி 'மெதுவா' என்பதையும் சேர்த்தார்.

"நாலு. வகுப்புல மொத்தம் எத்தனை வார்த்தை சொல்லிக்குடுப்பான்?"

"ஒரு ரெண்டாயிரம் இருக்கும்ணே."

"கட்டணத்தை ரெண்டாயிரத்தால வகுத்து நாலால பெருக்கு. அந்தத் தொகைக்கு ஒப்புதல்."

வகுத்தார், பெருக்கினார். வந்த தொகையில் விமான நிலையம் வரை பேருந்தில் போகலாம், உட்கார்ந்து. கண்காணிப்பாளர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். மனைவியிடம் அந்த நல்ல செய்தியை இரண்டு முறை சொன்னார்.

அவருடைய மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. துறை தெரியாதவர்களுக்காக அதையும் விளக்கிவிடலாம். வரவு செலவில் ஒரு தலைப்பைப் புதிதாகத் திறப்பதுதான் கடினம். ஒரு ரூபாய்க்காவது திறந்துவிட்டால், பிறகு துணை மதிப்பீடு, கூடுதல் ஒதுக்கீடு, மறு ஒதுக்கீடு என்று அதைப் படிப்படியாக ஊதிப் பெரிதாக்கலாம். வாரியத்தில் ஒரு பாலம் அப்படித்தான் கட்டப்பட்டது. அது தொடங்கியபோது ஒரு பலகையாக இருந்தது.

"கதவு திறந்தாச்சு," என்றார்.

"எத்தனை நாள்ல முழுசாத் திறக்கும்?"

"ரெண்டு நிதியாண்டுல முடிச்சிடலாம்."

"இந்த மாசம் முடிய அஞ்சு நாள்தான் இருக்கு," என்றாள் மனைவி. பதிலுக்குக் காத்திராமல் வழக்கம்போல உள்ளே போய்விட்டாள்.

நான்காம் கூட்டம் அவசரக் கூட்டம். மகள் கேட்டுக்கொண்டதால் கூட்டப்பட்டது. பயனாளி ஒருவர் கூட்டம் கேட்பதற்கு விதியில் இடமில்லை என்றாலும், தலைவர் கருணை காட்டினார். கண்காணிப்பாளர் எல்லாத் தாள்களையும் நூலில் கோத்து வைத்தார். சிவப்பு மை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதலுக்குப் புரட்டினார். அவர் புருவம் உயர்ந்தது.

"தம்பி, செலவெல்லாம் இருக்கு. வரவு எங்கே?"

மூன்று கூட்டம் நடந்திருக்கிறது. குதிரை ஆணா பெண்ணா என்பது வரை விவாதித்தாகிவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற பக்கத்தை எழுத அனைவரும் மறந்திருந்தார்கள். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பார்த்தது எப்போதும் செலவுப் பக்கம். வரவு பக்கத்து மேசைக்காரர் வேலை. வீட்டில் பக்கத்து மேசை இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதுவது என்று முடிவானது. தலைவரின் ஓய்வூதியம் 'அவசரகால இருப்பு'; அதைத் தொட முடியாது. இது அவசரம் இல்லையா என்று மனைவி கேட்டாள். இது திட்டமிட்ட செலவு, திட்டமிட்டது எப்படி அவசரமாகும் என்று விளக்கம் கிடைத்தது. கண்காணிப்பாளரின் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போகிறது. மனைவியின் சம்பளத்தை அடுப்படி விழுங்குகிறது. அத்தையின் கமிஷன் அடுத்த காப்பீட்டைப் பிடிக்க அலைவதற்கே சரியாகிவிடுகிறது என்று அத்தை சொன்னாள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. பயனாளியின் நான்கு வருடச் சம்பளம். அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கம்பெனி அதை நேராகக் குழுவின் கணக்கில் போட்டு வந்தது. எவரும் தொடவில்லை. தொடுவதற்கு எவரும் திட்டம் சமர்ப்பிக்கவில்லை.

சிவப்பு மை கூட்டிப் பார்த்தார். வகுப்பு, விமானம், தங்குமிடம், கம்பளி, குதிரை எல்லாம் போக இன்னும் மிச்சம் இருந்தது.

"போதிய நிதி இருக்கு," என்று அவர் திருப்தியோடு அறிவித்தார். "வரவுப் பக்கத்துல எனக்கு ஆட்சேபணை இல்ல."

"அப்போ வகுப்புக் கட்டணம்?" என்றார் கண்காணிப்பாளர், நம்பிக்கையோடு.

"அது செலவுப் பக்கம். அங்க ஆட்சேபணை அப்படியேதான் இருக்கு."

அப்போதுதான் மகள், எவரும் கேட்காமலே, பேசினாள். குரலை உயர்த்தவில்லை. இருண்ட பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் பேசுவது போல, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"பெரியப்பா, குழுக் கணக்குல யார் கையெழுத்துப் போடணும்?"

"நானும் உங்கப்பாவும்."

"ரெண்டு பேருமா?"

சிவப்பு மை ஒரு கணம் மேலே பார்த்தார். தணிக்கையாளர் பொய் சொல்ல மாட்டார். "இருவரில் ஒருவர்," என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "காசோலைப் புத்தகம் உங்க அலமாரியிலதானே இருக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுப்பா."

அந்தப் புத்தகத்தில்தான் மாதாமாதம் மின்கட்டணத்துக்குக் கண்காணிப்பாளர் காசோலை எழுதுகிறார். மேலே அனுப்பி, ஒப்புதல் எண் வாங்கி, அந்த எண்ணை அடிக்கட்டையில் குறித்து, அதன் பிறகே கையெழுத்துப் போடுகிறார். எண் இல்லாமலும் பேனா எழுதும் என்ற விஷயம் இத்தனை வருடத்தில் அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஒரு மாபெரும் ரகசியம் தெரிந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல யோசனைம்மா," என்றார். "நான் தனியாக் கையெழுத்துப் போடலாமான்னு கேட்டு இன்னைக்கே ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பறேன்."

மகள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். கூட்டம் நன்றியுரையுடன் நிறைவடைந்தது.

குறிப்பு அன்றே எழுதப்பட்டது. ஒன்றரைப் பக்கம், அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் மிகச் சிறந்தது என்று அவரே கருதினார். எழுதி முடித்ததும் அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார். பள்ளியின் பெயரை எழுதினார். தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார். அடிக்கட்டையில் 'ஒப்புதல் எண்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்தார். அதற்கு அடுத்து எழுத ஒன்றும் இல்லை. பேனா அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புத்தகத்தை மறுபடி சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். முறை என்றால் முறைதான். அதை மீறாத மனிதர்கள் இருப்பதால்தான் வாரியங்கள் நிற்கின்றன.

குறிப்பு மேலே போனது. இரண்டு சிறு விளக்கங்கள் கேட்டுக் கீழே வந்தது. விளக்கங்களோடு மேலே போய், இன்னொரு விளக்கம் கேட்டு மறுபடி கீழே வந்தது. மாதத்தின் கடைசி நாளன்று மாலை, மூன்றாவது முறையாகப் படியேறுவதற்காக அவர் கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மகள் வேலையிலிருந்து வந்தாள். கட்டணம் கட்டியாகிவிட்டது என்றாள். மதியமே பள்ளியிலிருந்து உறுதி வந்துவிட்டதாம். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி எதுவும் கேட்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் கோப்போடு நின்றார். அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் முப்பது வருடப் பழக்கம் நிம்மதியை முந்திக்கொண்டது.

"எந்தத் தலைப்புல போட்டே?"

"தலைப்பெல்லாம் இல்லப்பா," என்றாள் மகள். "கம்பெனியில முன்பணம் கேட்டேன், குடுத்தாங்க. இனிமே சம்பளத்தை என் பேர்ல இருக்கிற கணக்குல போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். நாலு கூட்டமும் நீங்க என் பணத்தை எனக்குக் குடுக்கலாமான்னுதான் பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் சம்பாதிக்கப்போறதை எடுத்து நானே கட்டிட்டேன்."